உவமையா, உருவகமா? கணினியில் உடையும் அணுக்கருக்கள்

சென்ற கல்வியாண்டில் ஒரு நண்பகல், இயற்பியல் முதுகலை மாணவர் ஒருவர் நம் துறை அறைக்கு வந்தார். இளங்கலையில் நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்றவர். ஆம்பூரை அடுத்த சிற்றூரினர். தந்தையார் தோல் பதனிடும் தொழிற்கூடமொன்றில் பணிபுரிபவர். தம் ஆய்வேட்டின் தலைப்பைத் தமிழிலும் எழுதித் தருமாறு கேட்டார். "இலேசான அணுக்கருக்கள் மோதலில் எப்படி உடைகின்றன என்பதைக் கணினியில்..." என்று தொடங்கியவர், அடுத்த சொல்லுக்குத் திணறி நின்றார். ஆங்கிலத்தில் 'சிமுலேஷன்' என்பர், தமிழில் என்ன? நாம் சற்றும் தயங்காமல் 'உருவகப்படுத்துதல்' என்று எழுதிக் கொடுத்தோம். நாளேடுகளிலும் கலைச்சொற் பட்டியல்களிலும் வழங்கிவரும் சொல்தானே! அவரும் மகிழ்ந்து எடுத்துச் சென்றார். மறுநாள் வகுப்புக்காக அணியிலக்கணக் குறிப்புகளைப் புரட்டிய பொழுதுதான் நாம் செய்த பிழை நமக்கே உறைத்தது.

உவமை வேறு, உருவகம் வேறு என்பதை முதலாண்டு மாணவர்க்கே சொல்லிவருகிறோம். மலர் போன்ற முகம் என்னும்போது மலரும் உண்டு, முகமும் உண்டு. இடையே 'போன்ற' என்னும் உருபு நின்று இரண்டையும் பிரித்துக் காக்கிறது. முகமலர் என்றாலோ அவ்வுருபு மறைகிறது, முகமே மலராகிவிடுகிறது. உவமைக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை ஒழித்து ஒன்றாக்குவதே உருவகம் என்பது தண்டியலங்காரம் காட்டும் நெறி. கவிதைக்கு அஃது அழகு; அறிவியலுக்கு அதுவே ஆபத்து. கணினித் திரையில் உடைவது அணுக்கரு அன்று. அணுக்கருவைப் போன்றதொரு கணக்கு. அந்தப் 'போன்ற' என்பதைத் தொலைத்த ஒரு சொல்லைத்தான் நாம் அம்மாணவர் கையில் கொடுத்தனுப்பினோம்.

அணுக்கருவைப் பற்றிப் பேசத் தமிழ்த்துறைக்கு என்ன உரிமை என்று வினவுவோர் உளர். நம் கல்லூரியிலேயே உளர். பிழையான சொல்லைக் கொடுத்தது தமிழ்த்துறை. எனவே அதன் பொருளை அறிந்துகொள்ளும் கடமையும் தமிழ்த்துறைக்கே உரியது என்பது நம் விடை. அதற்காக இயற்பியல் துறை நண்பர்களிடம் பல மாலைகள் மாணவராக அமர்ந்தோம். அவர்கள் பொறுமையாகச் சொன்னவற்றுள் நமக்கு விளங்கியதை ஈண்டு எழுதுகிறோம்.

புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்தது அணுக்கரு. ஹீலியத்தில் நான்கு துகள்கள், லித்தியத்தில் பெரும்பாலும் ஏழு, கார்பனில் பன்னிரண்டு, ஆக்சிஜனில் பதினாறு. இவை இலேசான கருக்கள். ஈயத்தின் கருவில் இருநூற்றுக்கும் மேற்பட்ட துகள்கள் உள்ளன. கனமான கருவைக் கணக்கிடுவதே கடினம் என்று நாம் எண்ணியிருந்தோம். உண்மை பல இடங்களில் நேர்மாறாக இருக்கிறது. பெருங்கூட்டத்தின் போக்கைச் சராசரியால் சொல்லிவிடலாம். நால்வர் மட்டுமே வாழும் இல்லத்தில் என்ன நிகழும் என்பதைச் சராசரியால் சொல்ல இயலாது; அங்கே ஒவ்வொருவர் குணமும் தனித்தனியே பேசும். இலேசான கருக்களும் அவ்வாறே. கார்பன் மூன்று ஹீலியங்களாகப் பிரிய விழைகிறது. எட்டுத் துகள் கொண்ட பெரிலியம் தோன்றிய கணத்திலேயே இரண்டு ஹீலியங்களாகி விடுகிறது. பதினொரு துகள் கொண்ட லித்தியமோ விந்தையானது. அதன் இரு நியூட்ரான்கள் மையத்தை விட்டு விலகி வெகுதொலைவில் உலவுவதால், அச்சிறு கரு ஈயத்தின் கருவோடு ஒப்பிடத்தக்க பரப்பை அடைத்துக்கொள்கிறது. ஜப்பானிய அறிஞர் தனிஹாத்தாவும் அவர்தம் குழுவினரும் 1985இல் அமெரிக்காவின் பெர்க்லியில் இத்தகைய கருக்களை வேறு கருக்கள்மீது மோதவிட்டே இதனைக் கண்டனர்.

இவ்வாறு மோதி உடைத்துப் பார்க்கும் கலை புதிதன்று. 1919இல் ரதர்போர்டு, ஆல்ஃபா துகள்களால் நைட்ரஜன் கருவைத் தாக்கி அதிலிருந்து புரோட்டான் வெளிவருவதை அறிவித்தார். 1932இல் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்டும் வால்ட்டனும் புரோட்டானை லித்தியத்தின்மீது செலுத்த, அஃது இரண்டு ஹீலியங்களாகப் பிளந்தது.

ஆயின் மோதலின் உள்ளே நிகழ்வதை எக்கண்ணாலும் காண முடியாது. ஒரு நொடியைக் கோடியாகப் பகுத்து, அதில் ஒன்றைக் கோடியாகப் பகுத்து, மீண்டும் கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் சிறு துணுக்கினுள் முதற் பகுதி முடிந்துவிடுகிறது. எனவே அறிஞர்கள் போலச் செய்து பார்க்கத் தொடங்கினர். 1947இல் செர்பர் என்பார் இம்மோதலை இரு கட்டங்களாகப் பிரித்துக் காணலாம் என்றார். முதற்கட்டம் கேரம் பலகையை ஒத்தது: வந்த துகள் ஒன்றை அடிக்க, அது மற்றொன்றை அடிக்க, சில காய்கள் வெளியே தெறிக்கின்றன. மீந்து நிற்கும் கரு சூடேறியிருக்கிறது. அச்சூடு தணிவது இரண்டாம் கட்டம். கனமான கரு, கொதிக்கும் நீரிலிருந்து ஆவி எழுவதைப்போல் ஒவ்வொரு துகளாக வெளியேற்றித் தணிகிறது. இலேசான கருவுக்கு அந்த அவகாசம் இல்லை. சூட்டைப் பகிர்ந்துகொள்ளப் போதிய உறவினர் இல்லாமையால் ஒரேயடியாகச் சிதறிவிடுகிறது. இதற்கு ஃபெர்மி 1950இல் வேறொரு நோக்கத்திற்காக வகுத்த முறை பயன்படுகிறது: எத்தனை வகையில் அக்கரு பிரியக்கூடும் என்று பட்டியலிட்டு, ஒவ்வொரு வகைக்கும் உள்ள வாய்ப்பை மதிப்பிட்டு, அவற்றுள் ஒன்றைக் குருட்டாம் போக்கில் தெரிந்தெடுப்பது. இதனையே இலட்சக்கணக்கான முறை திரும்பச் செய்தால் இயற்கையின் போக்கு ஓரளவு புலனாகும்.

குருட்டாம் போக்கில் தெரிந்தெடுக்கும் இம்முறையின் பெயர் 'மாண்டி கார்லோ'. அது சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்போன ஓரிடத்தின் பெயர். நம் பெரியோர்கள் முகம் சுளிக்க வேண்டா. உலாம் என்னும் கணித அறிஞர் 1946இல் நோயிலிருந்து தேறிவந்த நாளில் தனியே சீட்டடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபொழுது, வெற்றிக்கான வாய்ப்பைக் கணக்கிட்டுக் காண்பதினும் நூறு முறை அடுக்கிப் பார்த்து எண்ணுவது எளிதாயிற்றே என்று எண்ணியதில் பிறந்தது அது. ஜான் வான் நியூமன் அதற்குக் கணினி வடிவம் தந்தார். நம் பகுதி வணிகர்க்கு இம்முறையின் ஒரு கூறு புதிதும் அன்று. மண்டிக்கு வந்திறங்கிய தோற்கட்டில் ஒவ்வொரு தோலையுமா பிரித்துப் பார்க்கின்றனர்? அங்கொன்றும் இங்கொன்றுமாக உருவி எடுத்துத் தடவிப் பார்த்துக் கட்டு முழுவதற்கும் விலை சொல்கின்றனர். உருவுகிற கை ஒருபக்கம் சாயாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கணினியின் படிமுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. நம் சமுதாய மேடைகளில் இச்செய்தியைக் கேளாத ஆண்டு விழா இல்லை. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்பெயரைச் சொல்லிக் கைதட்டல் பெறும் நம்முள் எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்கு ஒரு படிமுறையைத் தாய்மொழியில் விளக்கியிருக்கிறோம்? பாட்டனார் கட்டிய வீட்டின் பட்டயத்தைக் காட்டிக்கொண்டு வாடகை வீட்டில் குடியிருப்பவர்களாகவே நாம் இருக்கிறோம்.

உடையும் கருக்களைக் கணக்கிடும் பணி எங்கோ மேனாட்டில் மட்டும் நடப்பதன்று. பாபாவும் ஹைட்லரும் (இவர் இயற்பியலர் ஹைட்லர், படையெடுத்த ஹிட்லர் அல்லர்) 1937இல் அண்டக்கதிர் மழை பெருகும் முறையை எழுத்துக் கணக்காலேயே விளக்கினர். அம்மழையின் ஏற்றத்தாழ்வுகளை ஆராய்ந்தவர் நம் சென்னையின் அல்லாடி இராமகிருஷ்ணன்; 1962ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் பிறக்கக் காரணமாக இருந்தவர். இன்று உதகமண்டலத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2200 மீட்டர் உயரத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அண்டக்கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 'கிரேப்ஸ்-3' என்று பெயர். ஏறத்தாழ 400 உணர்கருவிகள் நிலத்தில் பரப்பப்பட்டுள்ளன. மியூவான் என்னும் துகள்களை மட்டும் பிரித்தறிய 560 சதுர மீட்டர்ப் பரப்பில் 3712 இரும்புக் குழாய்கள் அடுக்கப்பட்டுள்ளன.

அங்கு நிகழ்வது இதுதான். விண்ணிலிருந்து ஒரு கரு வருகிறது. வளிமண்டலத்தின் உச்சியில் நைட்ரஜன் கருவொன்றில் மோதுகிறது. இரண்டும் சிதைகின்றன, சிதைந்தவை மேலும் மோதுகின்றன, ஒன்று இலட்சமாகித் தரையில் மழையாக இறங்குகிறது. ஆய்வாளர் காண்பது தரையில் விழுந்த துளிகளை மட்டுமே. வந்தது ஹைட்ரஜனா, ஹீலியமா, இரும்பா? தரையிலிருந்து நேராகச் சொல்ல இயலாது. எனவே ஹைட்ரஜன், ஹீலியம், நைட்ரஜன், அலுமினியம், இரும்பு என்று ஐவகைக் கருக்களைக் கணினிக்குள் விண்ணிலிருந்து விழவிட்டு, அவை பொழியும் மழைகளோடு மெய்யான மழையை ஒப்பிடுகின்றனர். விழுந்த துளியைக் கொண்டு மேகத்தின் சாதியைச் சொல்லும் வேலை!

இங்கேதான் உவமையின் பிடி இறுகுகிறது. ஹீலியம் நான்கு துகள்களால் ஆனது. ஆகவே அதனை நான்கு தனித்தனிப் புரோட்டான்களாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு ஆற்றலைக் கொடுத்துவிடலாம் என்பது ஓர் எளிய வழி. சராசரிக்கு இது பொருந்துகிறது. ஆனால் மெய்யான ஹீலியம் மோதும்பொழுது, நான்கில் ஒன்றோ இரண்டோ அடிபட, எஞ்சியவை வெறும் பார்வையாளராக முன்னே பறந்து செல்வதுண்டு. ஒரு மழைக்கும் மறு மழைக்கும் உள்ள வேறுபாடு அதனால் கூடுகிறது. எளிய வழி அவ்வேறுபாட்டைக் குறைத்துக் காட்டிவிடுகிறது. சராசரி சரி, தனி நிகழ்வு தவறு. எங்கே உவமை பொருந்துகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை அறிந்தவரே அதனைப் பயன்படுத்தத் தக்கவர். உதகை ஆய்வாளர்கள் 2024இல், அண்டக்கதிர்ப் புரோட்டான்களின் ஆற்றற் பரவலில் 166 இலட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் அளவில் ஒரு வளைவு இருப்பதாக அறிவித்தனர். அம்முடிவின் ஒரு கால் இரும்புக் குழாயிலும் மறு கால் கணினிக் கணக்கிலும் ஊன்றி நிற்கிறது. 2014 டிசம்பர் முதல் நாள் உதகைக்கு மேலே திரண்ட இடிமேகத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் என்று அவர்கள் 2019இல் வெளியிட்டதும் அத்தகையதே. மியூவான்கள் இரு விழுக்காடு அளவு குறைந்ததைக் கருவி கண்டது. அக்குறைவை வோல்ட்டாக மாற்றித் தந்தது கணினி.

நம் மண்ணுக்கு இவ்வாய்வோடு நெருங்கிய உறவும் உண்டு. பேர்ணாம்பட்டு மலைகளுக்கு அப்பால் கோலார் தங்கவயல். பழைய வட ஆற்காட்டிலிருந்து சென்ற எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அச்சுரங்கத்தில் உழைத்துத் தேய்ந்தன. அந்த ஆழத்தில்தான் 1965இல், வளிமண்டலத்தில் அண்டக்கதிர் மோதலால் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை இந்திய ஆய்வாளர்களை உள்ளிட்ட குழுவினர் கண்டனர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. குழி தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். தம் பாட்டனார் தோண்டிய குழியில் எது பிடிபட்டது என்பதை அவர்களுக்கு இதுவரை எவரும் தமிழில் சொன்னதில்லை.

மற்றொரு புறம் சவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு அப்பால் காவலூர். வாணியம்பாடிக்காரர்க்கு அஃது ஒரு சிற்றுலா இடம். 1986இல் அங்கே இயங்கத் தொடங்கிய 2.3 மீட்டர்த் தொலைநோக்கி வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியது. விண்மீனின் ஒளியைப் பிரித்து அதில் லித்தியம் எவ்வளவு என்று காணும் ஆய்வில், காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர் பெயர் பெற்றவர்கள். லித்தியம், பெரிலியம், போரான் ஆகிய மூன்றும் விந்தையான பிறப்பின. விண்மீன் உலையில் இவை நிலைப்பதில்லை. ஏறத்தாழ 25 இலட்சம் கெல்வின் வெப்பத்திலேயே லித்தியம் புரோட்டானால் அடிபட்டு இரண்டு ஹீலியங்களாகிறது. காக்கிராஃப்டும் வால்ட்டனும் செய்ததை விண்மீன் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. பிறகு பெரிலியமும் போரானும் எங்கிருந்து வந்தன? பெரும்பகுதி, விண்வெளியில் கார்பனும் ஆக்சிஜனும் அண்டக்கதிர் மோதலில் உடைந்த துண்டுகள் என்று 1970இல் ரீவ்ஸ், ஃபவுலர், ஹாயில் ஆகியோர் விளக்கினர். தோலிலிருந்து சுண்ணாம்பை நீக்கப் போரிக் அமிலம் பயன்படுவதை நம் தொழிற்கூடத்தார் அறிவர். அதிலுள்ள போரான், சூரியன் பிறக்குமுன் எங்கோ உடைந்த ஒரு கருவின் சிதறல்.

இத்துண்டுகளை எண்ணியே அண்டக்கதிர்கள் நம் விண்மீன் மண்டலத்தில் ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் அலைகின்றன என்று கணக்கிடுகின்றனர். 2011 முதல் விண்வெளி நிலையத்தில் இயங்கிவரும் ஏ.எம்.எஸ். கருவி இத்துண்டுகளை மிக நுட்பமாக எண்ணிவிட்டது. ஆனால் கார்பன் உடைந்தால் போரான் எத்தனை விழுக்காடு பிறக்கும் என்னும் அடிப்படை அளவில்தான் பிழை அதைவிடப் பெரிதாக இருக்கிறது. எண்ணும் கருவி நுட்பமாயிற்று. ஒப்பிடும் கணக்கு பின்தங்கிவிட்டது.

இவையெல்லாம் விண்ணுலகச் செய்திகள், நமக்கென்ன என்று கூறுவோர்க்கு ஒரு சொல். சில நாடுகளில் கார்பன் கருக்களைப் பாய்ச்சிப் புற்றுநோய்க் கட்டியை அழிக்கின்றனர். ஜப்பானின் சிபாவில் 1994 முதல் இது நடைபெறுகிறது. உடலினுள் செல்லும் கார்பன் வழியில் உடைந்து, அதன் இலேசான துண்டுகள் கட்டியைத் தாண்டி நலமான திசுவிலும் சிறிது பாய்ந்துவிடுகின்றன. எவ்வளவு பாயும் என்பதைக் கணினி முன்னதாகவே சொல்ல வேண்டும். அங்கே உவமை பிழைத்தால் துன்புறுவது நோயாளி. மருத்துவம் நாடி நாடெங்கிலுமிருந்தும் மக்கள் வந்திறங்கும் வேலூருக்கு அருகில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இதனினும் அண்மையில் வருவோம். 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்ததையும், மாசு செய்த ஒவ்வொரு தோல் தொழிற்கூடத்துக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதித்ததையும் இப்பகுதியில் மறந்தவர் இலர். அதையடுத்த ஆண்டுகளில், மேல் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் கழிவு உப்பு எவ்வாறு பரவுகிறது, இனி எவ்வளவு காலம் தங்கும் என்பதைக் கணினிக் கணக்கால் ஆராய்ந்த கட்டுரைகள் அறிவியல் இதழ்களில் வெளிவந்தன. அவை எம்மொழியில் வந்தன? ஆங்கிலத்தில். எவர் கிணற்றைப் பற்றியன? நம் கிணற்றைப் பற்றியன. தொழிற்கூட உரிமையாளர் அதனை முழுப்பொய் என்றார். எதிர்த்தரப்பினர் அதனைக் கல்லில் வெட்டிய உண்மை என்றார். இருவருமே உவமையை உருவகமாகக் கொண்டவர்கள். அது கிணறும் அன்று, பொய்யும் அன்று. கிணற்றைப் போன்ற ஒரு கணக்கு. எந்த ஆண்டின் நீரளவைக் கொண்டு தொடங்கினீர், மண்ணின் ஊடுருவலை எவ்வாறு மதித்தீர், மெய்யான கிணற்று நீரோடு ஒப்பிட்டபொழுது எத்துணை விலகல் கண்டீர் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு நம்மிடம் சொல் இல்லை. அணுக்கருவுக்கு இல்லாத சொல் ஆற்று நீருக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

ஆகவேதான் சொல்லைப் பற்றி இத்துணைப் பிடிவாதம் கொள்கிறோம். வீட்டில் உருதும் தெருவில் தமிழும் வகுப்பில் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகளுள் பலர், மூன்று மொழியிலும் பேசுவர். ஒன்றிலேனும் கேள்வி கேட்கத் தயங்குவர். தேர்வுக்கு மனப்பாடம் செய்த ஆங்கிலத் தொடர் அவர்களுக்கு உருவகமாகவே தங்கிவிடுகிறது. போன்றதையும் மெய்யையும் பிரித்தறியும் உருபு தாய்மொழியில்தான், அல்லது தாய்மொழி போல் பழகிய மொழியில்தான், இயல்பாக நாவில் வரும். இதில் மாற்றுக் கருத்துடைய ஆங்கிலத்துறை நண்பர்களோடு வாதிட நாம் என்றும் ஆயத்தமாக இருக்கிறோம்.

தொல்காப்பியர் உவமம் தோன்றும் வகைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக்கினார். கணினி செய்வது உருவைக் காட்டுவதன்று. கருவின் வடிவம் அதில் இல்லை. செயலைச் செய்து காட்டுகிறது. அது வினையுவமம். எனவே 'சிமுலேஷன்' என்பதற்கு 'ஒப்புவினை' என்னும் சொல்லை முன்மொழிகிறோம். 'பாவனை' என்பாரும் உளர். அதில் நடிப்பின் சாயல் மிகுதி. 'ஒப்புருவாக்கம்' என்பது பெரிதும் ஏற்கத்தக்கதே. ஆயினும் அதிலும் உரு வந்து அமர்ந்துகொள்கிறது. ஒப்புவினை என்றால் 'ஒப்பு' முன்னே நின்று காவல் காக்கும். வினை பின்னே நின்று வேலையைச் சொல்லும். இதனினும் நல்ல சொல்லை எவரேனும் தந்தால் முதலில் ஏற்பவர் நாமாக இருப்போம். இயற்பியல் துறையினர் ஆய்வேடுகளுக்குத் தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் எழுதச் செய்வார்களாயின், அதனைத் திருத்தித் தரும் பொறுப்பை நம் துறை ஏற்கும் என்று துறைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறோம். இரண்டு ஆசிரியர்கள் ஒப்பியிருக்கிறார்கள். மற்றவர்கள் யோசிப்பதாகக் கூறியுள்ளனர்.

அந்த மாணவரைத் தேடிச் சென்று பிழையைச் சொன்னோம். அவர் முழுமையாகக் கேட்டுவிட்டு, தம் கணக்கில் ஹீலியம் எங்கே பொருந்தவில்லை என்பதைத் தாளில் வரைந்து காட்டினார். நமக்குத் தண்டியலங்காரம் விளங்கியதைவிடத் தெளிவாக விளங்கிற்று. பின்னர்ச் சிரித்துக்கொண்டே, "ஐயா, ஏட்டைக் கட்டியாகிவிட்டது, ஐந்து படியும் நூலகத்துக்கும் துறைக்கும் போய்விட்டன" என்றார். அட்டையில் பொன்னெழுத்தில் 'உருவகப்படுத்துதல்' என்றே இருக்கிறது.